நூற்றைம்பது வரும்

அத்தியாயம் 14

"நம்ம வீட்டுக்கு நாமளே எதுக்கும்மா வாடகை தர்றோம்?"

தென்றலுக்கு ஏழு வயதாக இருந்தபோது கேட்ட கேள்வி. நகராட்சி பில் கலெக்டர் வாசலில் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தார். அரை வருஷத்து வீட்டு வரி நாற்பத்தெட்டு ரூபாய்.

"வாடகை இல்லடி கண்ணு, வரி" என்றாள் உண்ணாமலை.

"ரெண்டுக்கும் காசுதானே தர்றோம்?" என்றது குழந்தை. பில் கலெக்டர் சிரித்த சிரிப்பில் தேதியைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷங்கள் போய்விட்டன. இப்போது அந்த வீட்டில் வரி என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

நோட்டீஸ் வந்து இன்றோடு முப்பது நாள்; மறுப்பு மனு கொடுக்கக் கடைசி நாள். நூற்று எண்பத்தாறு ரூபாயாக இருந்த அரையாண்டு வரி ஆயிரத்து நூற்று இருபது ஆகியிருந்தது. அதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'உபயோகம்' என்ற இடத்தில் 'வணிகம், காலணி பாதுகாப்பு' என்று எழுதியிருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருகிறவர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள். கழற்றிய செருப்பை எங்கே விடுவது? செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது வீடு உண்ணாமலையின் வீடு. எட்டு வருஷமாக அவள் வராந்தாவில் செருப்புகளை வாங்கி வைக்கிறாள். செருப்பின் மேல் சாக்பீஸால் ஓர் எண். அதே எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கையில் கொடுப்பாள். திரும்பி வந்து தாளை நீட்டினால் செருப்பு. காசு கிடையாது. யாராவது நீட்டினால், "உண்டியல்ல போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அந்த நோட்டீஸ் கொழுந்தன் கண்ணாயிரத்தின் கண்ணில் பட்டதுதான் வினை. வீட்டின் முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று அவர்கள் அப்பா வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். கண்ணாயிரம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறான். அண்ணன் கோதண்டராமனுக்கு ரிடையராக இன்னும் இரண்டு வருஷம். பணம் வந்ததும் பின்பாதியை அண்ணனே எடுத்துக்கொள்வது, அதுவரை தம்பி பொறுப்பது என்று பேச்சு.

போன வாரம் கண்ணாயிரம் லாட்ஜ் கட்டுகிற ஆள் ஒருவனைக் கூட்டி வந்து நிறுத்தினான்.

"எட்டு வருசமா பொதுவு வீட்டை வெச்சுக் கடை நடத்திக்கினு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி. எம் போர்ல தண்ணி நின்னு போச்சு. நான் மட்டும் எதுக்குப் பொறுக்கணும்? முப்பதாம் நாள் வரைக்கும் பாக்கறேன். அது பொய்யின்னு ஆபீஸ்ல நிரூபிங்க. இல்லாட்டி என் பாதிக்கு அட்வான்ஸ் வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்றுதான் அந்த முப்பதாம் நாள்.

●

காலையில் கோதண்டராமன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி நின்றார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதி எழுதி, வீட்டிலும் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு பேச்சுப் பேச மாட்டார்.

"ஏங்க, நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்" என்றாள் உண்ணாமலை.

"லீவு இல்ல. நீயே போய்ட்டு வா."

"வீடு உங்க அப்பா பேர்ல இருக்குது. நான் போயி நின்னா நீ யாருன்னு கேப்பாங்க."

"மருமவள்னு சொல்லு." அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எட்டு முப்பது வேலூர் வண்டி இந்நேரம் கிளம்பியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

தென்றல் மனுவை மூன்றாவது தடவையாக நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம்.

"அம்மா, 'பணிந்து சமர்ப்பிக்கிறேன்'னு போடவா, 'கேட்டுக்கொள்கிறேன்'னு போடவா?"

"எது சீக்கிரம் வேலை ஆவும்?"

"பணிஞ்சாத்தான் ஆவும்."

"அப்ப பணிஞ்சே போடு. இன்னைக்கு எனக்கு நிமிந்து நிக்கவே தெம்பில்ல."

தென்றல் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கவாம்மா? கடைன்னுதான் எழுதிட்டாங்களே. ஜோடிக்கு ஒரு ரூபா வாங்கிட்டா என்ன? ஆறு மாசத்துக்கு ஆறு பௌர்ணமி. முழுசா வராட்டியும், முக்கால்வாசி வரியாவது வந்துடும். கெட்ட பேரும் வாங்கிக்கினு வரியும் கட்றதுக்கு..."

உண்ணாமலைக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கணக்கை அவளும் பல இரவுகள் போட்டுப் பார்த்துவிட்டாள். கூட்டினால் சரியாகத்தான் வருகிறது.

"வாங்கலாம்டி. வாங்கினா அப்புறம் அது செருப்பு கடை. விடியக்காலம் மூணு மணிக்குத் திரும்பி வர்றவங்க கால் வீங்கி வருவாங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுப்பமே, அப்ப அந்தத் தண்ணிக்கும் ஒரு ரூபா சொல்லத் தோணும்."

தென்றல் பேனாவை எடுத்தாள். 'பணிந்து' என்று எழுதினாள்.

●

நகராட்சி அலுவலகத்து வாசலில் கண்ணாயிரம் முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்து நின்றான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அண்ணியைக் கண்டால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

"அண்ணன் வரலையா?"

"டூட்டி."

"நல்ல டூட்டி. ஊர் வண்டியெல்லாம் டைமுக்கு அனுப்பறாரு. சொந்த வீட்டு வண்டி நடுரோட்டுல நிக்குது."

"சாப்ட்டியா?"

"அதையெல்லாம் அப்புறம் கேளுங்க அண்ணி. உள்ள வாங்க."

வரிப் பிரிவில் முப்பது பேராவது நின்றார்கள். எல்லார் கையிலும் அதே பழுப்பு நிற நோட்டீஸ். பங்குனி வெயில் ஜன்னல் வழியாக மேசைவரை வந்திருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை.

அவர்களுக்கு முன்னால் புதிதாக வீடு வாங்கிய இளம் தம்பதி ஒன்று நின்றது. விற்றவர் மூன்று வருஷ வரியைப் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாடியில் கட்டிய அறையையும் கணக்கில் காட்டவில்லை.

"ரசீதைப் பாத்துத்தான் சார் வாங்கினோம்" என்றான் அந்தப் பையன் பரிதாபமாக.

வருவாய் ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வயதானவர். காலையிலிருந்து இதே பேச்சைப் பேசிக் களைத்த முகம்.

"அவர் கட்டின ரசீதைக் காட்டியிருப்பாருப்பா. கட்டாத ரசீதை எப்படிக் காட்டுவாரு? வாங்கறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு தபா கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். பாக்கி ஆளு பேர்ல இல்ல, வீட்டு மேல நிக்கும். வீடு இப்ப உங்களுது." பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ரெண்டு தவணையா கட்டலாம். எழுதிக் குடும்மா."

உண்ணாமலையின் முறை வந்தது. மனுவைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"எவ்ளோ ஏத்திட்டாங்கன்னு எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. நீங்க ஏத்தினதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

"ஏத்தினது எதுக்குன்னே புரியலைங்க. வீட்டுல ஒரு செங்கல் கூட புதுசா வைக்கலை."

"வீடு அதேதாம்மா. தெருதான் வேற ஆயிடுச்சு." அவர் ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டு அதன் மேல் விரலால் கோடு இழுத்தார். "வரின்னா நீங்க சம்பாதிக்கறதுல பங்கு இல்ல. இந்த வீட்டை இன்னொருத்தருக்கு விட்டா மாசம் என்ன வாடகை வரும்னு நாங்க ஒரு மதிப்பு போட்டுக்குவோம். எந்த ஏரியா, எத்தினி சதுர அடி, ஓட்டு வீடா தளம் போட்டதா, கட்டி எவ்ளோ வருசம் ஆச்சு, குடியிருக்கறீங்களா கடை வெச்சிருக்கீங்களா. அந்த மதிப்புல இருந்துதான் வரி. பத்து வருசத்துக்கு முன்னாடி உங்க சந்துல ஆறு மணிக்கு மேல ஆள் நடமாட்டம் கிடையாது. இப்போ பௌர்ணமிக்குக் கால் வைக்க எடமில்ல. மனை விலை ஏறிச்சு, வாடகை ஏறிச்சு, வரியும் ஏறுது. வீடுன்னு மாத்தினாலும் பழைய நூத்தி எம்பத்தாறு வராது. நானூறுக்கிட்ட நிக்கும். அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வாடகைதான். வராத வாடகை. குழந்தை அன்றைக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று உண்ணாமலை நினைத்துக்கொண்டாள்.

"நானூறு கட்டிடறோங்க. கடைன்னு இருக்கறதை மட்டும் எடுத்துடுங்க."

"அது சும்மா எழுதினதில்லையே." அவர் கணக்கெடுப்புப் படிவத்தைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். "பௌர்ணமிக்கு நூற்றைம்பது வரும். சித்ரா பௌர்ணமிக்கு முந்நூறு வரும். டோக்கன் முறை உண்டு. தகவல் கொடுத்தவர், வீட்டுக்கார அம்மாள்."

கண்ணாயிரம் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

"உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்க" என்றார் ஆய்வாளர்.

உண்ணாமலை அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். தை மாதம், பௌர்ணமிக்கு மறுநாள் காலை. படிவத்தோடு ஒரு பெண் வந்தாள். வராந்தாவில் யாரும் இன்னும் எடுக்காத செருப்புகள் பத்துப் பதினைந்து ஜோடி கிடந்தன. அந்தப் பெண் என்ன கேட்டாள்?

"அவங்களைக் கூப்பிட முடியுங்களா?" என்றாள்.

●

சந்திரம்மாள் கணக்கெடுப்புக்குத் தினக்கூலியாக எடுத்த ஆள். நாற்பது வயதிருக்கும். பக்கத்து அறையில் படிவங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தவள், கூப்பிட்ட உடனே முந்தானையை இழுத்துச் செருகியபடி ஓடி வந்தாள். உண்ணாமலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"செருப்பு வீட்டு அம்மா! அன்னிக்கு மோர் குடுத்தீங்களே."

"மோர் இருக்கட்டும்" என்றார் ஆய்வாளர். "இவங்ககிட்ட என்ன கேட்ட? அப்படியே சொல்லு."

"பௌர்ணமிக்கு எவ்ளோ வரும்மான்னு கேட்டேன் சார். நூத்தம்பது வரும்னாங்க. சித்ராவுக்குன்னேன். முந்நூறு கூட வரும், வைக்க எடம் பத்தாதுன்னாங்க."

"வைக்க எடம் பத்தாதா?" என்றார் ஆய்வாளர். "முந்நூறு ரூபா வைக்கவா எடம் பத்தாது?"

சந்திரம்மாள் படிவத்தையும் உண்ணாமலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜோடிங்க" என்றாள் உண்ணாமலை. "நூத்தம்பது ஜோடி வரும்னு சொன்னேன். அவங்க செருப்பைத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆய்வாளருக்கும் உதடு துடித்தது. கண்ணாயிரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவி அதை மறைத்துக்கொண்டான்.

சந்திரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, ரூபாயான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?" என்றார் ஆய்வாளர். "போன வாரம் ரைஸ் மில்லை வீடுன்னு எழுதிட்டு வந்த. இப்போ பாத்தா வீட்டைக் கடைன்னு எழுதியிருக்க." அவர் உண்ணாமலையிடம் திரும்பினார். "உங்க வேலை சுலபமா முடிஞ்சுதும்மா. கணக்கெடுத்தவர் தவறுன்னு எழுதி இப்பவே திருத்திடறேன். ஒரு மணிக்குள்ள உத்தரவு கையில வந்துடும்."

கண்ணாயிரம் மூச்சு விட்டான். கோபம் இறங்கிய முகம். இதுதான் அவன் கேட்டது. எழுதிய ஒரு காகிதம். அது கிடைத்தால் லாட்ஜ்காரனை அனுப்பிவிடுவான்.

"அப்படி எழுதினா இவங்களுக்கு என்ன ஆவுங்க?" என்று கேட்டாள் உண்ணாமலை.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். "ரெண்டு தப்பு ஆயிடுச்சு. நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிடுவாங்க. அது மேல இருக்கறவங்க முடிவு."

சந்திரம்மாள் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த ரப்பர் பாண்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

உண்ணாமலைக்கு அசதியாக இருந்தது. முப்பது நாள் தூக்கமில்லாத அசதி. சரி என்று தலையை அசைத்தால் போதும், மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். ஆனால் கேள்வி சரியாகத்தானே வந்தது? தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னது யார்?

"அவங்க கேட்டது சரிங்க. நான்தான் ஜோடின்னு சொல்லாம விட்டுட்டேன். தகவல் குடுத்த நானே தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக்குங்க."

"அண்ணி!" என்றான் கண்ணாயிரம்.

ஆய்வாளர் கண்ணாடியை இறக்கி அவளை நன்றாகப் பார்த்தார். "அப்படி எழுதினா உடனே திருத்த முடியாதும்மா. நேத்து வருமானம்னு சொல்லிட்டு இன்னைக்கு இல்லைங்கறீங்கன்னு ஆவும். நேர்ல வந்து பாக்கணும். அதுவும் பௌர்ணமி அன்னிக்கே வந்து பாக்கணும். இன்னும் ஒன்பது நாள் இருக்குது."

"வந்து பாருங்க."

"மனு இன்னைக்குத் தேதியில ஏறிடும், அதுல பயமில்ல. ஒரு வாக்குமூலம் மட்டும் குடுங்க." அவரே ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

'மேற்படி காலணிகளைப் பாதுகாப்பதால் நான் எவ்வித ஆதாயமும் அடையவில்லை என்று உறுதி கூறுகிறேன்.'

உண்ணாமலை பேனாவை வாங்கினாள். கை காகிதத்துக்கு மேல் நின்றது.

எவ்வித ஆதாயமும்.

மேசைக்குக் கீழே அவள் காலில் கிடந்தது எழுபத்தொன்றாம் நம்பர் செருப்பு.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் யாரோ ஒரு பெண் விட்டுப் போனது. கருநீல வார், புதிது. அன்று ராத்திரி அவள் திரும்பி வரவில்லை. மறு பௌர்ணமிக்கும் வரவில்லை. பன்னிரண்டு பௌர்ணமி அலமாரி மேல் வைத்துப் பார்த்தாள் உண்ணாமலை. கூட்டத்தில் நெரிசலில் சிக்கினாளோ, பஸ்ஸுக்கு நேரமாகி வெறுங்காலோடு ஊர் போனாளோ. பதின்மூன்றாவது மாதம் உண்ணாமலையின் சொந்தச் செருப்பு அறுந்தது. அந்த வாரம்தான் தென்றலுக்குப் பரீட்சைக் கட்டணம். வந்து கேட்டால் புதுசு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு அலமாரியிலிருந்து இறக்கினாள். தானே எழுதிய எழுபத்தொன்று தன் குதிகாலுக்குக் கீழேயே தேய்ந்து அழிந்து போயிற்று. அதற்குப் பிறகு அவள் அதை மறந்துபோனாள். மறந்தது நிஜமா, மறக்க வைத்துக்கொண்டதா என்பது அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்.

"என்னம்மா?"

"இந்த வார்த்தையை மட்டும் மாத்திடுங்க சார். 'ஆதாயம் அடையவில்லை' வேணாம். 'காசு வாங்கவில்லை'ன்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லைங்க."

ஆய்வாளர் தோளைக் குலுக்கிவிட்டு அடித்து எழுதினார். உண்ணாமலை கையெழுத்துப் போட்டாள்.

கண்ணாயிரத்தின் முகத்தில் அப்போதுதான் இறங்கிய சந்தேகம் மறுபடியும் ஏறி உட்கார்ந்துவிட்டதை அவள் பார்த்தாள்.

●

வாசலுக்கு வந்ததும் அவன் நின்றான்.

"காசு வாங்கல. சரி. அப்போ என்ன ஆதாயம் அடைஞ்சீங்க அண்ணி?"

"ஒனக்கு வர வேண்டியது எதையும் நான் எடுக்கல கண்ணாயிரம்."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல."

"இல்லதான்."

"ஒரு மணிக்குக் காகிதம் கைக்கு வந்திருக்கும். யாரோ ஒரு பொம்பளைக்காக அதை விட்டீங்க. அதுவாவது எனக்குப் புரியுது. நீங்க அப்படித்தான். அந்த வார்த்தையை எதுக்கு மாத்தினீங்க? அதுதான் புரியல."

அவள் வாயைத் திறந்தாள். ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் நடுவே, செருப்பைக் காட்டி, இதுதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாலும் நம்புவானா? ஒரு ஜோடி எடுத்தவள் நூறு ஜோடி எடுத்திருக்க மாட்டாளா என்றுதானே தோன்றும்?

"இந்தச் செருப்பு வைக்கறதை ஆரம்பிச்சதே உங்க ஊர்க்காரங்களுக்காகத்தான். உம் பொண்டாட்டி ரேவதியோட அக்கா வந்து, செருப்பு தொலைஞ்சு போச்சுன்னு அழுதாங்களே, அன்னிக்கு ஆரம்பிச்சது" என்றாள்.

"தெரியும். அதனாலதான் வலிக்குது." கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டான். "பௌர்ணமி வரைக்கும் பொறுக்கறேன். அன்னிக்கு நானும் வந்து வராந்தாவுல உக்காருவேன். விடிய விடிய பாப்பேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்க மாட்டேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. என் மல்லாட்டை காயுது அண்ணி."

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நாலு அடி நடந்தவன் திரும்பி வந்து, கையிலிருந்த பையை அவளிடம் நீட்டினான். "ரேவதி குடுத்தனுப்பினா. தென்றலுக்குப் பச்சை மல்லாட்டை. வேக வெச்சுக் குடுங்க." கோபத்தோடுதான் கொடுத்தான்.

அவன் போன பிறகு உண்ணாமலை சிறிது நேரம் வேப்ப மர நிழலில் நின்றாள். ஒன்பது நாள் கிடைத்திருக்கிறது. காலையில் அதுகூட இல்லை. அப்படி நினைத்துத் தேற்றிக்கொண்டபோது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். சந்திரம்மாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையை எடுத்துக் கும்பிட்டாளே தவிர நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் வந்த வேலையைச் சொன்னாள்.

"சார் சொல்லச் சொன்னாரும்மா. உங்க வீட்டுக்காரர் முந்தாநாள் வந்து வரி விதிப்பு நகல் வாங்கிக்கினு போனாராம். அதுலயும் கடைன்னு இருக்குது. உத்தரவு வந்தப்புறம் அதைக் கொண்டாந்து குடுத்தா மாத்தித் தருவாராம்."

"எங்க வீட்டுக்காரரா? முந்தாநாளா?"

"கோதண்டராமன்னு கையெழுத்து போட்டிருக்காரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அந்த நகல் எதுக்கும்மா வாங்குவாங்க?"

சந்திரம்மாள் சற்றுத் தயங்கினாள். "லோனுக்கு வாங்குவாங்க. இல்லாட்டி..." அவள் உண்ணாமலையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "வீடு விக்கறவங்களும் வாங்குவாங்க."

லீவு இல்லை என்றாரே. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே.

உண்ணாமலை பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

●

செங்கம் ரோட்டில் தார் போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. பௌர்ணமிக் கூட்டத்துக்காக ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். உச்சி வெயில். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். ரோடு ரோலர் அணைந்து கிடந்தது. ஜல்லி சுமக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் புளிய மரத்தடியில் முந்தானையை விரித்துத் தூங்கிப் போயிருந்தார்கள்.

ஓரமாகப் படுத்திருந்தவளின் கால் நிழலுக்கு வெளியே நீண்டிருந்தது. சூடு தாங்குவதற்காகப் பாதத்தில் சாக்குத் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். ஒரு காலில் கட்டு அவிழ்ந்திருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து, அதன் மேல் தார் ஒட்டியிருந்தது.

உண்ணாமலை நின்றாள்.

எழுபத்தொன்று யாரென்று அவளுக்குத் தெரியாது. முகம்கூட ஞாபகமில்லை. எந்த ஊரில் இருக்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ. கொடுக்க வேண்டியவளைத் தேடிக் கொடுக்க இந்த ஜென்மத்தில் வழியில்லை.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். ரோட்டில் யாருமில்லை. செருப்பைக் கழற்றினாள். முந்தானை நுனியால் உள்ளேயும் வெளியேயும் தூசியைத் துடைத்தாள். வார் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. குனிந்து, தூங்குகிறவளின் காலருகே ஜோடியாக வைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அப்படியே காலை நுழைக்க வசதியாக அதைத் திருப்பி வைத்தாள். அந்தப் பெண் தூக்கத்தில் ஏதோ முனகினாள். கண் விழிக்கவில்லை.

பிறகு குழந்தைக்குப் போர்த்துவது போல, வெயிலில் கிடந்த அந்தக் காலின் மேல் பக்கத்தில் இருந்த கோணிச் சாக்கை மெல்ல இழுத்துவிட்டாள்.

புதுத் தார் கொதித்தது. முதல் அடியிலேயே பாதம் சுட்டு, அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு இன்னும் முக்கால் கிலோமீட்டர். வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று காத்திருந்தது. உண்ணாமலை ரோட்டை விட்டு இறங்கி, மண் இருந்த ஓரமாகவே நடந்தாள்.